எருதுக்குக் காவலாக ஒரு கூடாரம்

‘முகாம்’ என்ற சொல்லைப் பத்திரிகைத் தலைப்புகளில் எத்தனை முறை வைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. கண் சிகிச்சை முகாம், குறைதீர்ப்பு முகாம், கோயில் யானைகளின் முகாம். வேலை நிமித்தம் போவேன், ஒரு மணி நேரம் நிற்பேன், எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டுக்கொண்டு கோவைக்குத் திரும்பிவிடுவேன். சத்தியமங்கலம் காட்டில் பறவைகளைக் கணக்கெடுக்க மட்டும் இரண்டு நாள் தங்கினேன். அதற்காக வாங்கிய கூடாரம் அதன்பின் கார் டிக்கியை விட்டு இறங்கவே இல்லை.

என் மனைவி கால்நடை மருத்துவர். நான் ஒரு மணி நேரத்தில் விட்டுவரும் முகாம்களில் அவள் காலை முதல் பொழுது சாயும்வரை நிற்பவள். ஆனைமலைக் காட்டுக்குள் இரண்டு நாள் தங்கி, வனத்துறை வண்டியில் விலங்குகளைப் பார்த்துவர நாங்கள் முன்பதிவு செய்திருந்தபோது, புறப்படும் நாளில் தாராபுரத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் அவளுக்கு முகாம் இருந்தது. மதியத்தோடு முடித்துக்கொண்டு அப்படியே பொள்ளாச்சி வழியாக மலைக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டோம்.

பள்ளிக்கூடத்தை ஒட்டிய வேப்பமரங்களின் கீழ் முகாம். எருமைகள், கன்றுகள், ஆடுகள், கூடையில் இரண்டு கோழிகள். வரிசையில் ஒரு காங்கேயம் எருது மட்டும் தனியாகத் தெரிந்தது. குளிப்பாட்டி, நெற்றியில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, புதுக் கழுத்துக்கயிறு கட்டியிருந்தார்கள். வலக்கொம்பு மட்டும் கீழே சரிந்திருந்தது. எருது அடிக்கொரு தரம் தலையை உதறியது. உதறும்போது அந்தப் பக்க மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. கயிற்றைப் பிடித்திருந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா.

பின்னால் எருமையோடு நின்றவர் சும்மா இருக்கவில்லை.

“ஏனக்கா, எருதுக்குக் கண்ணாலமா? பொட்டெல்லாம் வெச்சுக் கூட்டியாந்திருக்கறீங்க?”

“உன்ற எருமையாட்ட சாணியோட இழுத்துட்டு வரச் சொல்றியா? பேசாம நில்லுப்பா.”

கொம்புப் புற்று என்று கால்நடை ஆய்வாளர் முன்பே பார்த்துச் சொல்லியிருந்தார். கொம்பை அடியோடு எடுக்க வேண்டும். தள்ளிப்போனால் மண்டைக்குள் இறங்கிவிடும். அந்த எருதுக்காகத்தான் மனைவி அறுவைக் கருவிகளை எல்லாம் கொண்டுவந்திருந்தாள். முந்தின நாள் காலையிலிருந்து தீனி காட்டக் கூடாது என்று ஆய்வாளர் போனில் சொல்லியிருந்தார். அந்த அம்மாவும் “ஆகட்டுங்க” என்றிருந்தார்.

மனைவி எருதின் கொம்பைப் பார்க்கவில்லை. முதலில் இடப்பக்க விலாவின் பின்னால் கையை வைத்து அழுத்தினாள். அங்கே குழி இருக்க வேண்டும். இல்லை. மேடாக இருந்தது.

“காலையில என்னங்க வெச்சீங்க?”

“ஒண்ணும் வெக்கலீங்க.”

“சும்மா சொல்லுங்க. நான் திட்ட மாட்டேன்.”

அந்த அம்மா கயிற்றை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். “பருத்திக்கொட்டை ஆட்டி ஊத்துனேனுங்க. தவுடு கொஞ்சம். ரெண்டு கத்தைச் சோளத்தட்டு. அவ்வளவுதானுங்க அம்மணி. கத்தி வெக்கப் போற உசுரை வெறும் வயித்தோட எப்புடிங்க ஊட்டை விட்டுக் கூட்டியாறது? வயிறு ஒட்டுன எருதைப் புடிச்சுட்டு ஊருக்குள்ள வந்தா, இவ எருதைப் பட்டினி போட்டுப்போட்டான்னு பேச மாட்டாங்களா?”

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. எருமைக்காரர்கூட. அவர்களும் அதைத்தான் செய்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. இந்தப் பக்கத்தில் விருந்தாளியையும் மாட்டையும் வெறும் வயிற்றோடு வாசல் தாண்ட விடுவதில்லை.

நிறைந்த வயிற்றோடு மயக்க மருந்து கொடுத்து எருதைப் படுக்கவைத்தால் வயிறு உப்பும், தின்றது எதிர்த்து வந்து மூச்சுக்குழலில் போகும். அறுவையில் பிழைக்கும் மாடு இதில் செத்துப்போகும். மனைவி இதைக் குரல் உயர்த்தாமல் சொன்னாள். அடுத்த அறுவை முகாமுக்கு இன்னும் ஒரு மாதம். அதுவரை இந்தக் கொம்பு பொறுக்காது.

“நீங்க வேண்டாம்னு சொல்லீராதீங்க” என்றார் அந்த அம்மா. கணவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் காவல் வேலை பார்க்கிறார். முருங்கை வரிசைகளுக்குள் டிராக்டர் நுழையாது, இந்த ஜோடி எருதுகள்தான் உழுகின்றன. “இவன் போயிட்டான்னா மத்தவன் ஒத்தையில தண்ணிகூடக் குடிக்க மாட்டானுங்க. ஒரே வருசம் வாங்குன கன்னுங்க ரெண்டும்.”

மனைவி என்னிடம் வந்தாள். “ஏனுங்க, டெண்ட்டு வண்டியிலதான இருக்குது?”

எனக்குப் புரிந்தது. புரிந்ததும் எரிச்சல் வந்தது என்பதையும் எழுத வேண்டும். மூன்று வருடங்களில் நாங்கள் சேர்ந்து எடுத்த முதல் விடுப்பு அது. “நாளைக்குக் காலையில வந்து செய்யலாமே. இப்போ ஊருக்குப் போயிட்டு?” என்றேன்.

“நாம போயிட்டா அந்தம்மா பொழுதோட தீனி போட்டுடுவாங்க. போடக் கூடாதுன்னு தெரிஞ்சே போட்டுடுவாங்க.”

முகாம் முடிந்ததும் அந்த அம்மாவின் தோட்டத்துக்குப் போனோம். கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடு, அதன் ஓரத்தில் வீடு, வீட்டை ஒட்டிக் கொட்டகை. கொட்டகைக்குப் பத்தடி தள்ளி நான் கூடாரத்தை விரித்தேன். அந்த அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை.

“ஊடு இருக்கறப்ப காட்டுல படுக்கறீங்களா? எருதுக்குக் காவலுங்களா?”

“உங்களுக்குத்தாங்க காவல்” என்றாள் மனைவி. அந்த அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

மாலை வெயில் தாழ்ந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. தீனி நேரம் வந்ததும் எருது தொட்டியை முகவாயால் இடித்தது. வெறும் சிமெண்டில் அது இடிக்கும் சத்தம் வீட்டுக்குள் வரை கேட்டது. பிறகு கத்தியது. அந்த அம்மா தட்டுப்போரிலிருந்து ஒரு கத்தையை உருவி இடுப்பில் இடுக்கிக்கொண்டு நேராகக் கொட்டகைக்கு நடந்தார். அவர் அதை யோசித்துச் செய்யவில்லை. இருபது வருடம் அந்த நேரத்தில் அந்தக் கால்கள் அங்கேதான் போயிருக்கின்றன. மனைவி எழுந்து குறுக்கே நின்றாள்.

“அம்மா.”

அவர் நின்று, கையிலிருந்த தட்டைப் பார்த்தார். “அய்யோ சாமி” என்று சொல்லிக் கத்தையை வேலி ஓரம் போட்டார். பிறகு மற்ற எருதை அவிழ்த்துக் காட்டின் மறுகோடிக்கு ஓட்டிப்போய், இவன் கண்ணில் படாத இடத்தில் கட்டித் தீனி வைத்துவிட்டு வந்தார். அதன்பின் இரண்டு முறை அவர் கொட்டகைப் பக்கம் போனார். இரண்டு முறையும் வெறுங்கையோடு. எருதின் நெற்றியை நீவி ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பினார்.

இத்தனை வருடங்களில் தைரியம் என்ற சொல்லை நான் போலீஸ்காரர்களுக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் எழுதியிருக்கிறேன். பசித்துக் கத்தும் மாட்டின் முன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஓர் அம்மாவுக்கு அதை எழுதியதில்லை.

எங்களுக்கு அரிசியும் பருப்பும் சாதம் செய்து, நெய் ஊற்றி, தயிரும் அப்பளமும் வைத்தார். “நீங்க சாப்பிடலீங்களா?” என்றாள் மனைவி. “அப்பவே ஆச்சுங்க” என்றார். விடிந்து நான் கைகழுவப் போன இடத்தில் முந்தின நாள் இரவு சாப்பிட்ட வட்டல்கள் இரண்டுதான் கிடந்தன. மனைவியிடம் சொன்னேன். “தெரியும்” என்றாள்.

காலை ஏழு மணிக்கு ஆய்வாளர் வந்தார். எருமைக்காரர் கயிற்றோடும் இரண்டு ஆட்களோடும் அழைக்காமலே வந்தார். விலாவின் பின்னால் இப்போது குழி விழுந்திருந்தது. வைக்கோலைப் பரப்பி, மருந்து போட்டு, கயிறு சுற்றி எருதைச் சாய்த்தார்கள். கண்ணுக்கும் கொம்புக்கும் நடுவில் மரத்துப்போக ஊசி. தோலைக் கீறி விலக்கி, முறுக்குக் கம்பியால் ஆன ரம்பத்தைக் கொம்படியில் கொடுத்து இரண்டு கையாலும் மாறி மாறி இழுத்தாள் மனைவி. எலும்பு தேயும் வாடை வந்தது. ரத்தம் ஒருமுறை அவள் கண்ணாடிவரை பீய்ச்சியது. ஆய்வாளர் துடைத்துவிட்டார், அவள் கை நிற்கவில்லை. கொம்பு கழன்று விழுந்தபோது அதன் உள்ளே காலிஃபிளவர் போலச் சதை வளர்ந்திருந்ததைப் பார்த்தேன். மிச்சத்தைச் சுரண்டி எடுத்து, ரத்தக் குழாய்களைக் கட்டி, தைத்து முடிக்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. வீட்டில் ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடுபவள் அவள்.

அந்த அம்மா எருதின் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. எருதிடம் பேசிக்கொண்டே இருந்தார், அதுவும் தோட்டத்து விஷயங்களை. “வெங்காயம் எடுத்துப்போட்டு மேக்கால காட்டை உழோணும் கண்ணு. மழை பேஞ்சா நாளைக்கே ஏரைப் பூட்டோணும். நீ பாட்டுக்குப் படுத்துக்காதே.”

“மயக்கத்துல இருக்கறவன்கிட்டயும் வேலை சொல்றாங்க பாருங்க” என்றார் எருமைக்காரர்.

“உன்னையாட்ட முழிச்சுட்டு இருக்கறவங்க கேக்கறதில்லையேப்பா.”

ஒன்பதரைக்கு எருது முன்காலை ஊன்றி, தடுமாறி, எழுந்து நின்றது. கட்டுப் போட்ட தலை ஒரு பக்கம் பாரம் குறைந்து ஆடியது. உச்சிக்கு மேல்தான் தண்ணீர், மதியம் ஒரு மணிக்கு ஒரு கைப்பிடித் தட்டு, அதுவும் நிமிர்ந்து நின்றால்தான் என்று மனைவி சொன்னாள். அந்த அம்மா மூன்று முறை திருப்பிச் சொல்லிக் காட்டினார். கட்டு மாற்ற ஆய்வாளர் வருவார். பதினோரு மணிக்குக் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டோம்.

இனி என்ன ஆகும் என்பது மாட்டின் வயிற்றில் இருக்கிறது என்றாள் மனைவி, வழியில். தின்பது பெரிதல்ல, தின்றதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து மெல்ல வேண்டும். அதுவரை அறுவை முடிந்ததாக அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

மலையடிவாரச் சோதனைச் சாவடிக்கு வரும்போது மணி மூன்று. அதற்கு மேல் போனில் சிக்னல் கிடையாது. வனக்காவலர் எங்கள் தாள்களைப் பார்த்துவிட்டுத் தடுப்புக் கம்பைத் தூக்கப் போனார். போன் அடித்தது. அந்த அம்மா.

“அம்மணி, தண்ணி ஒரு குண்டா குடிச்சானுங்க. தட்டு முழுசுந் தின்னுபோட்டானுங்க. இப்பப் படுத்திருக்கறானுங்க.”

“படுத்துட்டானா? எப்படிப் படுத்திருக்கறான்?” மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அசை போடறானா?”

“போடறாப்ல இருக்குதுங்க. நீங்களே கேளுங்க.”

போனை அவர் எருதின் வாயருகே கொண்டுபோயிருக்க வேண்டும். முதலில் காற்று இரைந்தது. ஒரு பெருமூச்சு. பிறகு தொண்டைக்குள் ஏதோ ஏறும் ஓசை, அதைத் தொடர்ந்து சீரான, அவசரமில்லாத அரைப்பு.

“என்னங்க சத்தம் அது?” என்றார் வனக்காவலர், ஜன்னலில் குனிந்து.

“எருதுங்க” என்றாள் மனைவி. “கொஞ்சம் பொறுங்க.”

பின்னால் நின்ற வண்டி ஹாரன் அடித்தது. வனக்காவலர் அந்தப் பக்கம் திரும்பி, இருங்கள் என்று கையைக் காட்டினார்.