ஆள் எண்ணும் வண்டி

மூதூர் ஸல்ஹாவின் பேச்சை எடுத்தால் எங்கள் ஊரில் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் விஷயத்துக்கு வருவார்கள். அவளுடைய ஓட்டோவுக்குச் சத்தம் கிடையாது. அவளுக்கோ வாய் ஓயாது. பற்றரியில் ஓடும் அந்த வண்டி, மூதூரிலிருந்து கட்டைபறிச்சானுக்கு வந்து, பஸ் போகாத எங்கள் குறுகிய ஒழுங்கைகளுக்குள் எல்லாம் நுழைந்து திரும்பும். மூதூர்ச் சந்தியில் எனக்கொரு தையல் கடை இருக்கிறது. ஒவ்வொரு காலையும் அந்த வண்டியில் குலுங்கிக்கொண்டு போகிறவள் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

ஸல்ஹா குவைத்தில் வீட்டு வேலை செய்தவள். அவள் அனுப்பிய காசில் புருஷன் அஷ்பாக் ஒரு ஓட்டோ வாங்கினான். ஆனால் அவனுக்குக் கடல் தொழிலை விட்டால் வேறெதுவும் பிடிக்காது. ஊருக்குத் திரும்பி வந்தவள், வீட்டு வாசலில் தூசி படிந்து நின்ற ஓட்டோவைப் பார்த்து நன்றாகத் திட்டிவிட்டு, தானே ஓட்டப் பழகினாள். பெண்பிள்ளை ஓட்டோ ஓடுவதா என்று முகம் சுளித்தவர்களுக்கும் குறைவில்லை. அவர்களே பிறகு தங்கள் வீட்டுப் பெண்களைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக அவளைத்தான் தேடினார்கள். பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அந்தக் காலம் வந்ததும் நின்று நின்று அலுத்து, வண்டியை விற்றுவிட்டாள்.

பிறகுதான் திருகோணமலை நகரத்துச் சங்கம் ஒன்று இந்தப் பற்றரி வண்டியைக் கொண்டுவந்தது. பின்பக்கக் கதவைத் திறந்தால் ஒரு சரிவுப் பலகை இறங்கும். சக்கர நாற்காலியோடு அப்படியே ஏறிவிடலாம். கொஞ்சக் காலம் ஓட்டிப் பார்ப்போம், ஆட்கள் ஏறாவிட்டால் கந்தளாய்க்கு அனுப்பிவிடுவோம் என்றார்கள். ஓட யார் வருகிறீர்கள் என்று கேட்டு முடியுமுன் ஸல்ஹா கையைத் தூக்கிவிட்டாள். இருக்கைகளுக்குக் கீழே ஒரு கருவி இருந்தது. யாராவது உட்கார்ந்தால் அது எண்ணும். அந்தக் கணக்கு உடனே நகரத்தில் இருக்கும் சங்கப் பொறுப்பாளர் பிரகலாதனின் போனுக்குப் போய்விடும்.

எனக்கு ஓட்டோ இல்லாவிட்டால் பிரதான வீதி வரை நடந்துபோய் பஸ் பிடிப்பேன். கீர்த்தனியால் அது முடியாது. சின்ன வயதில் கிணற்றுக் கட்டிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போன பிள்ளை அவள். களப்புக் கரையோரம் கடைசி வீடு. படித்துவிட்டு ஆண்டுக்கணக்காக வீட்டுக்குள்ளேயே இருந்தாள். பஸ்ஸில் ஏறுவதென்றால் யாராவது தூக்க வேண்டும், ஊரே நின்று பார்க்கும். அது அவளுக்கு வெறுப்பு. இந்த வண்டி வந்த பிறகுதான் மூதூரில் ஒரு மருந்துக் கடையில் கொம்பியூட்டரில் பில் போடும் வேலைக்குப் போகத் தொடங்கினாள். வண்டி கந்தளாய்க்குப் போனால் அவள் திரும்பவும் வீட்டுக்குள்தான். இது ஸல்ஹாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆனால் வண்டியில் ஆட்கள் ஏறவில்லை. குற்றம் வண்டியில் இல்லை, எங்கள் பழக்கத்தில்தான். எங்கள் ஊரில் ஒருவரும் வீதியில் நின்று ஓட்டோவைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. தூரத்தில் சத்தம் கேட்டால்தான் குசினியைப் பூட்டி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வருவோம். ஸல்ஹாவின் வண்டியோ சத்தம் போடாமல் வந்து, சத்தம் போடாமல் போய்விடும். வண்டி எங்கே நிற்கிறது என்று போனில் பார்க்கலாம் என்று சங்கம் சொன்னது. போனைப் பார்த்துக்கொண்டா அடுப்பில் கறி வைப்பது?

ஸல்ஹா ஹோர்ன் அடித்துப் பார்த்தாள். நாய்கள்தான் திரண்டு வந்தன. கடைசியில் மூதூரில் ஒரு மின்சாமான் கடைக்குப் போய், பாட்டுப் போடும் பெட்டி ஒன்றை வாங்கி வண்டியில் பூட்டினாள். கடைக்காரனிடம் இருந்தது ஒரே ஒரு பாட்டு. நாடு முழுக்க வாசலுக்கு வாசல் ரொட்டி விற்கும் பாண் வண்டிகள் போட்டுக்கொண்டு திரியும் அதே பாட்டு.

அடுத்த நாள் காலை பார்க்க வேண்டுமே! ஒழுங்கை முழுக்கச் சனம். தம்பிராசா அண்ணர் பல்லும் தீட்டாமல், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பையோடு ஓடி வந்தார்.

"பிள்ளை, ரெண்டு றாத்தல் பாண். பணிசும் தா."

"பாண் இல்ல அண்ணே. மூதூருக்குப் போறீங்களா?"

"பாண் வாங்கவோ? அதுக்கு ஏன் மூதூருக்கு?"

நான் வண்டிக்குள் இருந்து வயிறு நோகச் சிரித்தேன். ஆனால் உண்மையான பாண்காரர் ஹிஸ்புல்லா நானாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பாலத்தடியில் வண்டியை மறித்தார்.

"தங்கச்சி, என்ட பாட்டப் போட்டு என்ட யாவாரத்தக் கெடுக்கிறீங்க. இப்ப நான் வந்தா ஆரும் வெளியில வாறாங்க இல்ல. பொய் வண்டி எண்டு நினைக்கிறாங்க."

"அப்ப உங்கட பாண என்ட வண்டியில ஏத்துங்க நானா. உங்களுக்குப் பெற்றோல் மிச்சம்."

நானா யோசித்தார், தலையாட்டினார். அன்றிலிருந்து மூதூரிலிருந்து வரும்போது இருக்கைகளில் பாண் தட்டுகள் வந்தன. சனம் பாண் வாங்க வந்தது. வந்த இடத்தில், சந்தைக்குப் போக வேண்டியவர்கள் ஒருவர் இருவராக ஏறவும் தொடங்கினார்கள்.

கருவிக்குப் பாணும் ஒன்றுதான், மனிசரும் ஒன்றுதான். வைத்த தட்டையெல்லாம் அது ஆளாக எண்ணியது. விடியும்போதே வண்டி நிறைந்து ஓடுகிறது என்று போனில் கண்ட பிரகலாதன், மகிழ்ச்சியோடு நேரில் பார்க்க வந்துவிட்டார்.

எங்கள் ஒழுங்கையில் நான் ஏறும்போது அவர் வண்டிக்குள் தட்டுகளுக்கு நடுவில் ஒடுங்கிப்போய் இருந்தார். முகம் இறுகியிருந்தது.

"இதுதானா உங்கட பயணிகள்?" என்று ஸல்ஹாவிடம் கேட்டார்.

"நான் ஏமாத்தல்ல சேர். மெஷின் பாணையும் எண்ணும் எண்டு எனக்குத் தெரியா."

"பாணைக் கழிச்சுப் பார்த்தால் ஏறின ஆக்கள் கொஞ்சப் பேர்தான். இதைக் காட்டி வண்டியை இங்க வைச்சிருக்க ஏலாது. கந்தளாய்க்கு அனுப்பத்தான் வேணும்."

ஓயாத வாய் அன்று மூடிக்கொண்டது. ஸல்ஹா பாட்டையும் நிறுத்திவிட்டு வண்டியை ஓட்டினாள். கீர்த்தனி வீட்டு வாசலில் அவள் தலை வாரி, பையை மடியில் வைத்துக்கொண்டு வழக்கம்போல் காத்திருந்தாள்.

சக்கர நாற்காலி ஏற வேண்டுமென்றால் இருக்கைகளை மடிக்க வேண்டும். நானும் பிரகலாதனும் இறங்கினோம். பாண் விற்று முடிந்த வெறும் தட்டுகளை எடுத்து முன்னால் அடுக்கிவிட்டு, ஸல்ஹா பலகையை இறக்கினாள். கீர்த்தனி தானே சக்கரத்தை உருட்டி ஏறினாள், தானே பூட்டினாள். யாரும் அவளைத் தொடவில்லை. பிரகலாதன் பழக்கதோஷத்தில் போனைப் பார்த்தார்.

"இப்ப வண்டியில ஆரும் இல்லை எண்டு காட்டுது," என்றார்.

கீர்த்தனி திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப நான் ஆர், சேர்?"

கோபமாகக் கேட்கவில்லை. நேரம் என்ன என்று கேட்பதுபோல் கேட்டாள். அவர் போனைப் பார்த்தார், மடித்த இருக்கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நீங்கள் ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான் போறனீங்களா?"

"ஓம். போறதும் வாறதும் இதிலதான்."

இத்தனை காலமும் அவள் போனதும் வந்ததும் அந்தப் போனுக்குத் தெரியாது. இந்த வண்டியைச் செய்ததே அவளைப் போன்றவர்களுக்காக. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் போனைப் பறித்துக் களப்புக்குள் எறிந்திருப்பேன்.

நாற்காலி ஏறினால் வேறு ஆளுக்கு இடமில்லை. வேலைக்கு நேரமாகிறதென்று ஸல்ஹா அவளை மட்டும் ஏற்றிக்கொண்டு போனாள். நானும் பிரகலாதனும் அடுத்த சுற்றுக்காக அந்த வாசலிலேயே நின்றோம். அவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"கந்தளாய்க்கு அனுப்புவம் எண்டு நான் சொன்னதை அந்தப் பிள்ளைக்குச் சொல்லிப்போடாதேங்கோ," என்றார் பிறகு.

"நீங்கள் அனுப்பாட்டில் நான் ஏன் சொல்லப்போறன்?" என்றேன்.

வண்டி கந்தளாய்க்குப் போகவில்லை. பாண் தட்டுகளுக்குக் கூரையில் ஒரு கம்பித் தட்டு அடித்துக் கொடுத்தார்கள். சரிவுப் பலகைக்குக் கீழேயும் ஒரு கருவி பூட்டினார்கள். சக்கரம் ஏறினால் அது 'டிங்' என்று ஒரு சத்தம் போடும். ஒவ்வொரு காலையும் அந்தச் சத்தம் கேட்டதும் கீர்த்தனி, "அக்கா, கேட்டதே?" என்பாள்.

"கேட்டது, கேட்டது. நீயும் ஓராள்தான்," என்று சொல்லிக்கொண்டே ஸல்ஹா வண்டியை எடுப்பாள்.