படகுக்குப் பார்த்த பத்துப் பொருத்தம்

14 ஜூன் 2023, புதன்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். 5.40 முதல் 6.25 வரை பீர்க்கன்கரணை ஏரியோரம் நடை. ஏழு மணிக்கு இட்லி, நான்கு. 9.15க்கு கேம்ப் ரோட்டில் ஸ்கூட்டரை சர்வீஸுக்கு விட்டேன். மெக்கானிக் பழைய கியர் ஆயிலைத் தகர டப்பாவில் வடித்தபோது அந்த நாற்றம் வந்தது.

கியர் ஆயிலை முகர்ந்திருக்கிறீர்களா? அழுகிய முட்டையை இரும்புச் சட்டியில் வறுத்த மாதிரி இருக்கும். சிலருக்கு மல்லிகை வாசனை பழைய நாட்களைக் கொண்டுவருமாம். எனக்கு வாய்த்தது இது.

1991இல் நான் இரும்புலியூரில் ஒரு லாரிப் பட்டறையில் ஸ்டோர்ஸ் கிளார்க். பி.காம். ஆறு மாதம் வேலை பார்த்துக் காட்ட வேண்டும். நவம்பர் கடைசியில் நிரந்தரம் அல்லது நமஸ்காரம். பட்டறையின் நடுவில், கடல் எந்தத் திசையிலும் கண்ணில் படாத இடத்தில், நான்கு லாரி டயர்கள் மேல் ஒரு பழைய மோட்டார் படகு உட்கார்ந்திருந்தது. முதலாளி அற்புதராஜ் சார், கோவளம் பக்கம் கழிமுகத்தில் சவாரி விடுவதற்காக வாங்கியது. ஜி.எஸ்.டி. ரோட்டில் போகிற லாரிக்காரர்கள் நிறுத்தி விசாரிப்பார்கள். “இன்னா சார், திண்டிவனம் போவுதா?” ஒரு மழைநாளில், முழங்கால் தண்ணீரில் நின்ற ஒருவர், தாம்பரத்திலேயே விவரமான ஆள் எங்கள் முதலாளிதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் படகுக்கு இன்ஜின் உள்ளே இருக்கும். பின்பலகைக்கு வெளியே, இன்ஜினின் சுழற்சியை வாங்கித் தண்ணீருக்குள் இருக்கும் விசிறிக்கு இறக்குகிற, தண்டும் பல்சக்கரமும் அடங்கிய இரும்புக் கூடு ஒன்று தொங்கும். ‘டிரைவ்’ என்பது அதன் பெயர். பட்டறையில் ‘கால்’ என்றார்கள். காலுக்குள்ளிருந்த பல்சக்கரம் பல் உதிர்ந்துபோனது. அந்த மாடலைச் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். “பொருத்தமான கால் பாத்துட்டு வா. தப்பா வந்துச்சுன்னா நீ அதோடயே போயிடலாம்” என்றார் முதலாளி.

நான் அதை ஜாதகப் பொருத்தம் போலப் பார்த்தேன். இன்ஜினில் ஆணியடித்திருந்த பித்தளைத் தகட்டை டார்ச் அடித்துப் படித்து, எண்ணை டயரியில் குறித்தேன். போல்ட் துளைகள், தண்டின் பற்கள், உயரம், அகலம் என்று பத்து அளவுகள் எடுத்தேன். தலைமை மெக்கானிக் கன்னியப்பன் அண்ணன் டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எண் தெரிந்தவனுக்கு மெக்கானிக் எதற்கு?

துறைமுகத்துப் பக்கம் பழைய கப்பல் சாமான் விற்கும் கடையில் இரண்டு கால்கள் இருந்தன. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே துளைகள். சாக்பீஸால் கோடு போட்டுத் தண்டைக் கையால் சுழற்றிப் பார்த்தேன். முதல் காலில் தண்டு இரண்டு சுற்று சுற்றினால் விசிறி ஒரு சுற்று. அடுத்ததில் மூன்றுக்கு இரண்டு. தகட்டு எண்ணுக்குக் கடையிலிருந்த கம்பெனிப் புத்தகம் சொன்னது முதலாவதை. எடுத்துக்கொண்டேன். வேண்டுமானால் நாளை பத்து மணிக்குள் மாற்றிக்கொள்ளலாம், அதற்குமேல் இன்னொன்று தூத்துக்குடிக்கு லாரி ஏறிவிடும் என்றார் கடைக்காரர். எனக்கு எதற்கு மாற்றல்? ரயிலில் வெண்டர் பெட்டியில் ஏற்றினேன். மீன்கூடை வைத்திருந்த அம்மா ஒருத்தி காலைத் தடவிப் பார்த்து, “செவுளு எங்க கீது?” என்றாள்.

பட்டறையில் அளவுகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். கன்னியப்பன் அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எந்த இன்ஜினுக்குப் பார்த்தாய் என்றார். தகட்டில் உள்ள இன்ஜினுக்கு என்றேன்.

“தகடுதான் நைனா அது. இன்ஜின் லாரியுது.”

படகுடன் வந்த பெட்ரோல் இன்ஜின் நாலு வருடம் முன்பே மண்டையைப் போட்டுவிட்டதாம். ஒரு பழைய லாரியின் டீசல் இன்ஜினைக் கழற்றி வைத்தார்களாம். முதல் இன்ஜினை ஃபாதர் வந்து மந்திரித்த தண்ணீர் தெளித்து ஆசீர்வதித்திருந்ததால், அந்தத் தகட்டைத் தூக்கிப்போட முதலாளிக்கு மனம் வரவில்லை, புதியதில் ஆணியடித்துவிட்டார். ஜாதகம் ஒருவனுடையது, மாப்பிள்ளை வேறொருவன். பெட்ரோல் இன்ஜின் வேகமாகச் சுற்றும்; அதைப் பாதியாகக் குறைக்கிற கால் அதற்குச் சரி. லாரி இன்ஜின் மெதுவாகச் சுற்றும், முரட்டுத்தனமாக உந்தும். பழைய கால் பல்லை இழந்ததே அதனால்தான். இதற்குச் சரி, நான் கடையிலேயே விட்டுவந்த மூன்றுக்கு இரண்டு.

“ஏன்ணே முன்னாடியே சொல்லல?”

“கேட்டியா நீ? தகட்டோட பேசிக்கினு இருந்த.”

பிறகு குரலைத் தாழ்த்தி, மாட்டிவிடலாம், துளையெல்லாம் சேரும், காணும் பொங்கல் வரை ஓடும், அதற்குள் நீ நிரந்தரமாகியிருப்பாய் என்றார். நான் வாய் திறக்காவிட்டால் அவரும் திறக்க மாட்டாராம். காணும் பொங்கலன்றுதான் படகில் குழந்தைகளாக ஏற்றுவார்கள். நடுத்தண்ணீரில் பல் உதிர்ந்தால் என்னாகும் என்று இருவருமே பேசவில்லை. அன்று டயரியில் இரண்டு வரிக்கு மேல் எழுத முடியவில்லை.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது ஐந்து மாடிக் குடியிருப்பு. படகு நின்ற இடம், என் கணக்குப்படி, அவர்களுடைய ஜெனரேட்டர் அறை. வண்டியை ஓரங்கட்டிக் கிண்டல் செய்துவிட்டுப் போகும் லாரிக்காரர்கள் இல்லை. மேம்பாலம் அவர்களைத் தலைக்கு மேலேயே கொண்டுபோய்விடுகிறது. கன்னியப்பன் அண்ணன் போய் ஒன்பது வருடம். எந்த இயந்திரத்துக்கும் இப்போது கையேடு போனிலேயே வருகிறது. அதில் எல்லாம் இருக்கும். உள்ளே நிஜமாக என்ன ஓடுகிறது என்று சொல்லித் திட்டும் ஆள் மட்டும் இருக்க மாட்டார்.

கால் வாங்கிய மறுநாள், 1991 டயரியின் முதல் வரி: காலை 5.55, சேலையூர், முதலாளி வீடு. சார் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். தகட்டைப் பார்த்தே வாங்கினேன், கால் தப்பு, தப்பு என்னுடையது, சரியான இன்னொன்று கடையில் இருக்கிறது என்று சொல்லி முடித்தேன். அவர் நுரையைத் துப்பினார். வாயைக் கொப்பளித்தார். அதிலும் அவசரம் காட்டவில்லை.

“அந்த இன்னொண்ணு எத்தனை மணி வரைக்கும் இருக்கும்?”

“பத்து மணி வரைக்கும் சார்.”

“அப்புறம் இங்க நின்னு என் மூஞ்சிய என்ன பாத்துட்டு இருக்க? கன்னியப்பனையும் கூட்டிட்டுப் போ.”