சிவப்புப் பூ வந்த பிறகும்

1965 மார்ச் 12, காலை ஏழு மணி, தூறல். ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலில், சாமி முன் என்னைப் பெற்ற அப்பச்சி இரண்டு பூப்பொட்டலங்களை வைத்தார். வெள்ளைப் பூ வந்தால் நான் கோலாலம்பூர் அரசுப் பல்கலைக்கழகத்தில் கணிதமும் கம்ப்யூட்டரும் படிக்கலாம். சிவப்பு வந்தால் மெட்ராஸில் வணிகவியல், பிறகு அவர் கடை. குருக்கள் எடுத்தது சிவப்பு.

“சாமியே சொல்லிருச்சு. இனி என்னடா பேச்சு?” என்றார் அப்பச்சி.

“சாமி கம்ப்யூட்டரைப் பார்த்ததில்லை அப்பச்சி.”

“நீ பார்த்தியாக்கும்?”

“பத்திரிகையில படம் பார்த்தேன்.”

“அப்ப அந்தப் பத்திரிகையே பீஸ் கட்டட்டும்!”

காஜா பெராங்கில் எங்கள் வீடு வரை குடையைத் தனக்கு மட்டும் பிடித்துக்கொண்டார். நனைந்தேன், மனம் மாறவில்லை. சைக்கிளை விற்றுக் கோலாலம்பூருக்குப் பஸ் ஏறினேன், டியூஷன் நடத்திப் படித்து முடித்தேன். அந்தப் பூ தப்பு என்றே இன்றும் சொல்வேன். மொத்தச் செலவு மலேசியப் பணத்தில் 4,318 வெள்ளி 40 காசு. நாற்பது காசு, பட்டம் வாங்கியதும் அதே பிள்ளையாருக்கு உடைத்த தேங்காய்.