தனி ஆவர்த்தனத்தில் எழுந்துபோனவர்

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. நியூ ஜெர்சியின் எடிசனில் ரயில் ஏறி உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டேதான் இருக்கும். "காலாட்டாதே, வீட்டுக்கு ஆகாது" என்று கணவர் தினமும் அதட்டுவார். ஆபீசில் மேசையைத் தட்டித் தட்டியே ஒரு பிரேசில்காரியிடம் மாட்டிக்கொண்டேன். அவள் அக்கார்டியன் வாசிப்பவள். என் கையில் ஒரு முக்கோண இரும்புக் கம்பியைக் கொடுத்து, தட்டக் கற்றுக்கொடுத்தாள்.

ஃபொஹோ என்பது அவர்கள் ஊர் ஆட்டப் பாட்டு. அக்கார்டியன், தோளில் மாட்டிய மேளம், இந்த முக்கோணம். பழைய செட்டு அவ்வளவுதான். அவள் என்னைச் சேர்த்துக்கொண்ட குழுவில் பேஸ் கிடாரும் கீபோர்டும் உண்டு. ஜோடிகள் அணைத்தபடி ஆடுவார்கள். முக்கோணம் பிசகினால் அத்தனை கால்களும் தடுமாறும்.

நியூவர்க்கில் ஒரு ஞாயிறு மதியம் என் முதல் மேடை. கணவரை இழுத்துக்கொண்டு போனேன். சபா சபாவாகக் கச்சேரி கேட்டு வளர்ந்தவர். தொடையில் தாளம் போடாமல் அவருக்குக் காது கேட்காது. என் வாசிப்புக்கு அவர் வைத்த பெயர் 'கம்பி தட்டறது'. இன்றைக்காவது ஒழுங்காகக் கேட்கட்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"நடுவுல எனக்குன்னு ஒரு இடம் வரும். கவனிங்க, ஓகே?"

"ஃபுல் அட்டென்ஷன்மா."

மூன்றாவது பாட்டில் மற்றவர்கள் நிறுத்தினார்கள். மேளமும் நானும் மட்டும் வாசித்தோம். அவர் எழுந்தார். பாடகர் வாயை மூடி மிருதங்கம் தனியாக ஆரம்பித்ததும் கேன்டீனுக்கு நடந்து பழகிய கால்கள்!

கோபத்தில் என் கை பறந்தது. ஆடியவர்கள் விசிலடித்தார்கள். நான் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாட்டு முடிந்ததும் இரண்டு கையிலும் காபியோடு மேடையோரம் வந்தார்.

"உன் டர்ன் எப்ப வரும்?"

"முடிஞ்சுபோச்சு."

"ஐயோ! தனின்னு நெனச்சு..."

"தனிதான். என்னோட தனி."

அவர் முகம் செத்துவிட்டது. அதற்குள் ஆடியவர்கள் அதே பாட்டை மறுபடி கேட்டுக் கூச்சலிட்டார்கள்.

"காபிய கீழ வைக்காம இங்கயே நில்லுங்க. நகரக் கூடாது" என்றேன்.

நின்றார். மேளமும் நானும் மட்டும் வாசிக்கும் இடம் மறுபடி வந்தது. தாளம் போடக் கை இல்லை அவருக்கு. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு கால் ஆட ஆரம்பித்தது. காபி சட்டையெல்லாம் சிந்தியது. அவர் கவனிக்கவில்லை.