குதிரையை விட்டு இறங்காத ஓட்டக்காரர்

இடது முழங்காலுக்குக் கீழே ஒரு வீக்கம். முதலில் தெரிந்தது அவ்வளவுதான். பள்ளியில் நான் டிரில் மாஸ்டர். கால் வீங்குவது எனக்குப் புதிதல்ல. தைலம் தேய்த்துக்கொண்டு மூன்று மாதம் விசிலடித்துத் திரிந்தேன்.

பாளையங்கோட்டையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு பயாப்சி (கட்டியிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதிப்பது). முடிவு வந்த அன்று டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, என் மனைவி கோமதியையும் அவள் அண்ணன் சங்கரனையும் உள்ளே கூப்பிட்டார். எங்கள் பக்கத்தில் நோயாளியிடம் நோயைச் சொல்லும் வழக்கம் கிடையாது.

"ஒண்ணுமில்ல மாப்ளே, சீழ்க்கட்டி. சுரண்டி எடுத்துருவாவ" என்றார் வெளியே வந்த மச்சான்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். ஞாயிறு மத்தியானம் மச்சான் வீடியோ டெக்கும் படக் கேசட்டும் வாடகைக்கு எடுத்து வந்தார். கேபிள் டிவி தெருவுக்கு வந்த புதிது. ஆனாலும் கேசட் கடைகள் ஓடிக்கொண்டிருந்தன. பழைய கௌபாய் படம். உலகப் போட்டிகளில் ஓடி ஜெயித்த ஒருவர் அதில் கதாநாயகன். அவர் ஓட்டத்தைப் பையன்களிடம் சொல்லிச் சொல்லியே நான் பிழைப்பு நடத்தியவன். இந்தப் படத்தைப் பத்து வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

படம் மகா மட்டம். முதல் காட்சியில் குதிரையில் ஏறிய மனுஷன் கடைசிவரை இறங்கவே இல்லை. வசனம் பேசும்போது பல்வலிக்காரர் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

"இறங்கி ஓடும்வே!" என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன்.

யாரும் சிரிக்கவில்லை. எந்தப் படத்தையும் அரைமணியில் திட்டிவிட்டு எழுந்துபோகும் மச்சான், "குதிர நல்லாருக்கு மாப்ளே" என்றார். கோமதி கேட்காமலே இரண்டாம் தடவை காப்பி கொண்டுவந்தாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். முட்டாள் நான்.

ஆஸ்பத்திரியில் ஒப்புதல் தாளை மச்சான்தான் நீட்டினார். மேல்பாதியை அவர் கை மறைத்திருந்தது. கீழ்ப்பாதியில் கையெழுத்துப் போட்டேன்.

மயக்கம் தெளிந்து போர்வையைத் தடவினேன். இடது தொடை முடிந்த இடத்துக்கு அப்பால் வெறும் மெத்தைதான் இருந்தது.

"எலும்புல புற்று. காலை எடுக்கலேன்னா உயிர் போயிருக்கும். உங்ககிட்ட சொல்லிட்டதா வீட்ல சொன்னாங்களே?" என்றார் டாக்டர்.

கோமதி ஜன்னலைப் பார்த்தாள். "சொன்னா வரமாட்டீயன்னு பயந்துட்டேன்" என்றாள்.

புண் ஆறி வீடு திரும்பிய முதல் ஞாயிறு, அதே கேசட்டை எடுத்துவரச் சொன்னேன்.

"அதே படமா மாப்ளே?"

"அதேதான். முடியுத வரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது."

இருவரும் உட்கார்ந்தார்கள். பாதியில் மச்சான் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் நிறுத்தவில்லை. அடுத்த ஞாயிறும் எடுத்துவரச் சொன்னேன், அதற்கடுத்த ஞாயிறும். எனக்கு இரக்கம் வரவில்லை. வராததில் ஒரு சுகம்கூட இருந்தது.

உயிரைக் காப்பாற்றினார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இல்லாத பாதம் இன்றும் அரிக்கிறது (மூளைக்குக் கால் போனது இன்னும் தெரியவில்லையாம்). அதற்கும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. வீட்டிலிருந்து குறுக்குத்துறைப் படித்துறைக்குப் பத்து நிமிஷ நடை. நொண்டிப் போனால் இருபது. தெரிந்திருந்தால் அந்த ஞாயிறு தாமிரபரணி மணலில் இரண்டு காலையும் புதைத்து நின்றிருப்பேன். அந்த இரண்டு மணி நேரமும், இரண்டு கால் உள்ள நான், இன்னொருவன் ஓடுவதற்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.