மூன்று வெளியே, பதினாலு உள்ளே

இடது கால் வலிக்கிறது. முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கம். உட்கார்ந்தால் குடைகிறது, நின்றால் இழுக்கிறது. எங்கள் மைதானத்தை இடிப்பதற்கு முந்தின நாள், சாயங்காலம் ஆறே காலுக்கு வந்த வலி இது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். கால் என்னுடையது. நடந்தது எனக்குத் தெரியும்.

எங்கள் கிளப் கல்குவாரி ஆட்கள் ஆரம்பித்தது. வாரமெல்லாம் கல் ஏற்றிய உடம்போடு ஞாயிற்றுக்கிழமை பந்தை உதைத்தார்கள். மேட்டை வெட்டி மைதானமாக்கியதும் அவர்கள்தான், உடைந்த கல்லை அடுக்கி கேலரி கட்டியதும் அவர்கள்தான். என் அப்பாவுக்கு அதில் ஒரு விரல் போனது. பிறகு டீம் ஜெயித்தது. சம்பளத்துக்கு ஆடுகிற கிளப் ஆனது. இரண்டாம் டிவிஷனுக்கு ஏறியது. ஏறியதும் முதலாளி ஒருவர் வந்து வாங்கிக்கொண்டார். கேலரி கட்டியவன் டிக்கெட் எடுத்து உள்ளே வரவேண்டியதாயிற்று.

அந்த டீமில் நான் பதினாலாம் நம்பர். பெஞ்ச். ஏழு சீசன் உட்கார்ந்தேன், ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை. ஊரே என்னைப் பதினாலு என்றுதான் கூப்பிடும். மூன்றாம் நம்பர் என் அக்கா புருஷன். இடது பேக், இடப்பக்கத்தைக் காக்கிற ஆள். அவர் பக்கம் வருகிற எதிர் டீம் விங்கர்கள் பாதி ஆட்டத்துக்குள் சொல்லாமல் கொள்ளாமல் அந்தப் பக்கம் மாறிவிடுவார்கள்.

முதல் டிவிஷனுக்கு ஏறுவதா இல்லையா என்கிற ஆட்டம். அறுபத்தெட்டாவது நிமிடம் மச்சானின் இடது காலில் ஒரு மிதி விழுந்தது. பெஞ்ச் வரை சத்தம் கேட்டது. காய்ந்த குச்சி மாதிரி... டக்.

அவர் எங்களைப் பார்த்து, இரண்டு கைகளையும் ஒன்றைச் சுற்றி ஒன்றாக உருட்டினார். ஆட்டத்தில் அதற்கு ‘என்னை மாற்று’ என்று அர்த்தம். குவாரியில் அதே சைகையை, கல்லைக் கம்பியில் கட்டி இழுக்கிற வின்ச் ஓட்டுகிறவருக்குக் காட்டுவோம். ‘சுற்று, இழு’ என்று அர்த்தம். கேலரி முழுக்கக் குவாரி ஆட்கள். அடிபட்டும் மச்சான் தங்களை உசுப்பேற்றுகிறார் என்று நினைத்துவிட்டார்கள்.

“இழு! இழு! இழு!”

கோச்சுக்குப் புரிந்தது. என்னைக் கோட்டருகே நிற்க வைத்தார். மாற்று போர்டில் வெளியே வருகிறவர் நம்பர் சிவப்பிலும் உள்ளே போகிறவர் நம்பர் பச்சையிலும் போட்டாகிவிட்டது. அப்போது பின்னாலிருந்து முதலாளி குனிந்து ஏதோ சொன்னார். மிச்சமிருந்தது ஒரே ஒரு மாற்று. பெரிய கிளப் ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு விற்க வைத்திருந்த பையனை இறக்கிக் காட்ட வேண்டும்.

“உக்காருடா பதினாலு.”

“சார், மச்சானுக்குக் கால்...”

“உக்காருன்னேன்ல?”

முன்வரிசை ஆள் ஒருத்தருக்குப் பதிலாகப் பையன் இறங்கினான். விலையும் போனான். மச்சான் வெளியே வந்தால் பத்துப் பேர்தான் மிச்சம். அதனால் உடைந்த காலோடு கடைசி விசில் வரை நின்றார். அந்தக் காலில் கட்டிய ரத்தம் அடுத்த வாரம் நெஞ்சுக்கு ஏறியது. அவ்வளவுதான். அக்காவுக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை.

விசாரணையில் முதலாளி சொன்னார். “ஆளுங்கள உசுப்பேத்துறாருன்னு நெனச்சோம். கேலரியே அப்படித்தானே கத்துச்சு?”

பதினோரு வருடத்தில் கிளப் திவாலானது. மைதானத்தைக் குடோன் கட்ட விற்றார்கள். ஜெர்சி துவைக்கிறவனாக அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்த நான், இடிப்பதற்கு முந்தின நாள் கோல் வலைகளைக் கழற்றப் போனேன். தூறல். கேட்டில் வாட்ச்மேன் பீடியோடு உட்கார்ந்திருந்தார்.

“என்ன பதினாலு, இன்னிக்காவது எறங்குறியா?”

“போய்யா.”

“இன்னிக்கு விட்டா அப்புறம் நெல்லு மூட்டையோடதான் ஆடணும்.”

வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு டிரெஸ்ஸிங் ரூம் பாதையில் நுழைந்தேன். சிமெண்ட் தரையில் ஈரத் தடம். அடியில் ஸ்டட் குமிழ் வைத்த ஷூ. வலது கால் நன்றாகப் பதிந்திருந்தது. இடது கால்... நீளமாக இழுபட்டிருந்தது.

தடம் உள்ளே வரவில்லை. உள்ளேயிருந்து மைதானத்துக்குப் போயிருந்தது.

டக்... சர்ர்ர்... டக்... சர்ர்ர்...

திரும்பினேன்.

இடது பேக் இடத்தில் ஆள் நின்றது. பழைய நீல ஜெர்சி. முதலாளி நிறத்தை மாற்றி எத்தனையோ வருடமாகிவிட்டது. அந்த நீலத்தை நான்தான் துவைத்துத் தேய்த்தேன். மச்சானுக்குக் கடைசியாக அதைத்தான் போட்டு அனுப்பினோம்.

கைகள் எழுந்தன.

ஒன்றைச் சுற்றி ஒன்று... உருண்டன.

கேலரி காலி. எனக்குத் தெரியும், காலி. ஆனாலும் கேட்டது.

“இழு... இழு...”

பெஞ்ச் பக்கம் வெளிச்சம். மாற்று போர்டு. அந்தரத்தில். யாரும் பிடித்திருக்கவில்லை.

சிவப்பில், 3.

பச்சையில்...

14.

நான் நடக்கவில்லை. கால்கள் போயின. வெள்ளைக் கோடு. இடது காலை உள்ளே வைத்தேன்.

டக்.

குச்சி மாதிரி.

கண்ணைத் திறந்தபோது வாட்ச்மேன் என் அக்குளில் கைகொடுத்துக் கோட்டுக்கு வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். மைதானத்தில் யாரும் இல்லை.

“போர்டு...” என்றேன்.

“எந்த போர்டு? அதத்தான் போன மாசமே பழைய இரும்புக்காரன் தூக்கிட்டுப் போயிட்டானே!”

மறுநாள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“எப்ப அடிபட்டுது?”

“நேத்து சாயங்காலம்.”

“இல்லீங்க. இது பழைய முறிவு. பத்து வருஷத்துக்கு மேல இருக்கும். உடைஞ்சதோடயே ஓடியிருக்கீங்க, கோணலா சேர்ந்திருக்கு. ஃபுட்பால் ஆடுவீங்களா?”

“ஒரு நிமிஷம்கூட ஆடினதில்ல.”

டாக்டர் சிரித்தார். நம்பவில்லை.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அவரு வெளிய வந்துட்டாராடா?”

வரவில்லை. நான் ஒரு கால்தான் உள்ளே வைத்தேன். அதற்குள் என்னை இழுத்துவிட்டார்கள். இப்போது அங்கே குடோன். இடது பேக் இடத்தில் அடுக்குகிற மூட்டை மட்டும் காலையில் சரிந்து கிடக்கிறதாம். வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், என்னையும் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை.

மூன்றாம் நம்பருக்கு ஒரு மாற்று இன்னும் பாக்கி. உள்ளே போக வேண்டியது பதினாலு.