துலுக்காத கிடா

எங்கள் வீட்டுக் கூரை ஒரே ஒரு இடத்தில்தான் ஒழுகும். அது நான் படுக்கும் இடம். இதைச் சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. கூரை என்றால் நாலு இடத்தில் ஒழுகும், அதென்ன உங்களுக்கென்று தனியாக ஒரு ஓட்டை என்று என் மருமகள்கூடக் கேலி செய்கிறாள். மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த எங்கள் எடப்புளி நாட்டில் ஆடி மாசத்து மழையில் ஒரு புல்லு வீட்டில் அவளைப் படுக்க வைக்க வேண்டும், அப்புறம் பேசட்டும்.

அப்பாவிடம் முறையிட்டால், "சாமை அறுப்பு முடியட்டும் கண்ணு, புதுப் புல்லு வேஞ்சிரலாம்" என்பார். சாமை முடிந்தால் கேழ்வரகு வரும். அது முடிந்தால் மிளகு. மிளகைப் பறித்துக் காயவைத்துத் தலைச்சுமையாக மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறக்கி, உப்பும் கருவாடும் வாங்கிக்கொண்டு ஏற வேண்டும். அப்போது மலைக்கு ஏது ரோடு? போய்வந்த பிறகு இரண்டு நாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மூன்றாம் நாள் எழும்போது வானம் கறுத்திருக்கும். இப்படியே என் ஓட்டை வருசா வருசம் பத்திரமாக இருந்தது.

ஆடுகளும் எங்களோடு வீட்டுக்குள்தான் படுக்கும். வெளியே கட்டினால் சிறுத்தை தூக்கிவிடும். ஒரு பக்கம் ஆடுகள், மறு பக்கம் நானும் அக்காவும். அந்த வருசம் பிறந்த ஒரு கறுப்புக் கிடாக்குட்டிக்கு நல்ல காய்ந்த இடமாகக் கிடைத்திருந்தது. எனக்குப் பத்து வயசு. நான் நனைந்துகொண்டு கிடக்கிறேன், அது கால் நீட்டிச் சுகமாகப் படுத்திருக்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை. அதன் முளைக்குச்சியைப் பிடுங்கி ஓட்டைக்கு நேர் கீழே அடித்துக் கட்டினேன். நான் அக்காவுக்கு அந்தப் பக்கம் போய்ச் சுவரோரமாக ஒண்டிக்கொண்டேன்.

முதல் பத்து நாள் ஒவ்வொரு சொட்டுக்கும் அது கத்தியது. உடம்பை உதறி அக்கா மேல் தெளித்தது.

"பாவம் புள்ள, அதுக்கும் குளிருமல்ல?" என்றாள் அக்கா.

"அதுக்கு ஒடம்பெல்லாம் முடி இருக்குது. எனக்கு இருக்குதா?" என்றேன்.

அக்கா திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் என்னைவிட ஏழு வயசு மூத்தவள், ஆனாலும் என் வாய்க்கு முன்னால் நிற்க மாட்டாள்.

ஒரு மாசத்தில் கிடாவுக்குப் பழகிவிட்டது. இரண்டாவது மழைக்காலத்தில் உச்சந்தலையில் சொட்டுச் சொட்டாக விழும், அது கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருக்கும். எண்ணெய் தேய்த்துக் குளிக்க உட்கார்ந்த ஊர்ப் பெரியவர் மாதிரி இருக்கும் பார்க்க. அதற்குள் எனக்கும் அதன்மேல் உயிர். என் இடத்தில் நனைகிற பிராணி அல்லவா, அந்த நன்றி இருக்காதா? பலாக்கொட்டை சுட்டால் எனக்கு ஒன்று, அதற்கு ஒன்று.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு மூன்றாவது மாப்பிள்ளை வந்தார். முதல் வீட்டார் வரும் வழியில் விறகுக்கட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். இரண்டாவது வீட்டார் எங்கள் வீட்டில் உட்கார்ந்து களி தின்று கை கழுவும்போது பல்லி சொல்லிவிட்டது. தின்பதற்கு முன்னால் சொல்லியிருந்தால் களியாவது மிஞ்சியிருக்கும். மூன்றாவதும் தட்டிப்போனால் ராசி இல்லாத பெண் என்று பேர் கட்டிவிடுவார்கள், அப்புறம் எந்த நாட்டிலிருந்தும் ஆள் வராது என்று அம்மா அடுப்படியில் புலம்பிக்கொண்டே இருந்தாள்.

மூன்றாமவர் தேவனூர் நாட்டுக்காரர். அக்கா அவரைத் திருவிழாவில் பார்த்திருந்தாள். அவர் தலையில் ஒரு பலாப்பழத்தை வைத்துக்கொண்டு போனவர், இவளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்து, போய் ஒரு மரத்தில் முட்டிக்கொண்டார். பழம் உடைந்தது. அவர் ஒன்றுமே நடக்காததுபோல உட்கார்ந்து சுளை பொறுக்கி, போவோர் வருவோருக்கெல்லாம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். அக்கா கையிலும் இரண்டு சுளை வைத்தாராம். இதைச் சொல்லிச் சொல்லி அவள் ஒரு மாசம் சிரித்தாள். கட்டினால் அவரைத்தான் என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. பேச்சு முடிந்ததும் பெண் வீட்டார் கும்பிடும் கோயிலில் இரண்டு வீட்டாரும் கூடி, ஒரு கிடாவை நிறுத்தி மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கிடா உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். துலுக்குவது என்போம். துலுக்கினால் சாமிக்குச் சம்மதம். கிடாவை வெட்டி ஆக்கித் தின்றுவிட்டு வெற்றிலை மாற்றிக்கொள்வார்கள். பொழுது சாய்வதற்குள் துலுக்காவிட்டால் சம்பந்தம் இல்லை. கிடாவுக்கு வெட்டும் இல்லை, ஏனென்றால் சம்மதம் தராத ஆட்டை வெட்டக் கூடாது.

அப்பா கறுப்புக் கிடாவைப் பிடித்துவிட்டார். வெட்டுகிற வயசில் வேறு கிடா இல்லை. நான் தரையில் புரண்டு அழுதேன். "கெடாக்குட்டி பின்ன எதுக்குப் பொறக்குது, பள்ளிக்கூடம் போறதுக்கா?" என்றாள் அம்மா. எனக்குப் பலாப்பழக்காரர் மேல் கோபம், அக்கா மேல் கோபம், சாமி மேல்கூடக் கொஞ்சம் கோபம்.

மாசி மாசத்துக் காலையில் எல்லோரும் கோயிலில் கூடினோம். மாப்பிள்ளை வரும் வழக்கமில்லை. அவருடைய அப்பா வந்திருந்தார். நல்ல பருத்த உடம்பு, புது வேட்டி, பெரிய தலைப்பாகை. சிரிப்பது உடம்புக்கு ஆகாது என்று யாரோ சொல்லிவைத்ததுபோன்ற முகம். அவருக்காக ஒரு கல்லைக் கழுவிப் போட்டிருந்தார்கள், அதில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் பெண்கள் மிளகும் மல்லியும் அரைத்து உருட்டி வைத்துவிட்டார்கள். சாமைச் சோறு வெந்துகொண்டிருந்தது. கறி மட்டும் நின்றுகொண்டிருந்தது.

பூசாரி ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரைக் கிடாவின் முதுகில் ஊற்றினார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். கிடா ஒன்றும் செய்யவில்லை.

இரண்டாவது சொம்பைத் தலையில் ஊற்றினார். கிடா கண்ணை மூடிக்கொண்டு அசைபோட ஆரம்பித்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு மழைக்காலம் நான் அதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இது இந்த ஜென்மத்தில் துலுக்காது. முதலில் எனக்குச் சந்தோசமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். அப்புறம் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அது வெந்த சாமைச் சோற்றைவிட வெளுத்திருந்தது.

ஐந்தாவது சொம்பு, ஆறாவது சொம்பு. அப்பா மஞ்சள் பத்தவில்லை என்றார். வடக்கே பார்த்து நிறுத்தினால் சரியாகும் என்றார் ஒருவர். நிறுத்தினார்கள். வடக்கே மாலை தொங்கியது, கிடா அதைத் தின்றது. காதுக்குள் தண்ணீர் விட்டார்கள். விட விட அது காதைக் காட்டியது. வெயில் தலைக்கு மேல் ஏறி, மேற்கே இறங்கவும் ஆரம்பித்தது. விடிந்ததிலிருந்து பூசாரியும் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. குழந்தைகள் வெறும் சோற்றைக் கேட்டு அழுதன.

"ஏனுங்க, சாமிக்கு மனசில்லைன்னா நாம என்ன பண்ண முடியுமுங்க?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"சித்த பொறுங்க மாமா" என்று எங்கள் அப்பா அவர் கையைப் பிடித்தார். பூசாரி அக்காவைப் பார்த்து, "ஊத்துக்குப் போயி ஒரு சொம்பு புதுத் தண்ணி கொண்டா சாமி. கடைசியா ஊத்திப் பாப்போம்" என்றார்.

அக்கா போனாள். நான் பின்னால் ஓடினேன். ஊற்றுக்கரையில் அவள் குனிந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஓட்டையை, குச்சியை, மாற்றிக் கட்டியதை. அவளுக்கு அதெல்லாம் தெரியும்தான், பக்கத்திலேயே படுத்திருந்தவள். ஆனால் இதையும் அதையும் சேர்த்து யோசிக்கவில்லை. யார்தான் யோசிப்பார்கள்? அவள் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேறு ஏதாவது வழி பண்ணிக் கிடாவைத் துலுக்க வைத்துவிடுவார்கள். எனக்கு முதுகுத்தோல் உரியும். அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிடும்.

"அந்தக் கெடா மேல உனக்கு அவ்ளோ ஆசையா?" என்றாள்.

நான் தலையாட்டினேன்.

பூசாரி கேட்டது ஒரு சொம்பு. அக்கா ஊற்றுக்கரையில் இருந்த குடத்தை எடுத்து நிறைய மொண்டாள்.

நாங்கள் திரும்பியபோது மாப்பிள்ளையின் அப்பா கிடாவுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் பக்கத்தில் போய்க் குனிந்திருந்தார். அக்கா குடத்தை இடுப்பிலிருந்து தூக்கினாள். கால் வழுக்கியது. மாசி மாசத்து மலை ஊற்றுத் தண்ணீர் ஒரு குடம் முழுக்க அவர் தலையில் கொட்டியது.

அவர் துலுக்கினார். ஐயோ, அப்படி ஒரு துலுக்கலை நான் எந்தக் கிடாவிடமும் பார்த்ததில்லை. தலையில் ஆரம்பித்துத் தோள், தொப்பை, தொடை என்று இறங்கி, கால் கட்டைவிரலில் முடிந்து, மறுபடியும் மேலே ஏறியது. தலைப்பாகை பறந்துபோய் மசாலா உருண்டைமேல் விழுந்தது. கிடா ஒரு எட்டு விலகி நின்று அவரைப் பார்த்தது.

பசியில் கண் இருண்டிருந்த பூசாரிதான் கையைத் தூக்கி, "துலுக்கியாச்சு" என்றார்.

"துலுக்குனது கெடா இல்லீங்களே" என்றார் யாரோ.

"சாமிக்குன்னு கொண்டாந்த தண்ணி. தலையில பட்டுச்சு. ஒடம்பு துலுக்குச்சு. எந்த ஒடம்புன்னு நாம கேக்கக் கூடாதுங்க" என்றார் பூசாரி.

எல்லோரும் யோசித்துப் பார்த்து, அதுவும் நியாயம்தான் என்றார்கள். அப்போது எங்கள் அப்பா, மனசில் ஒரு கள்ளமும் இல்லாத மனுசன், ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"அப்ப வெட்டுறது யாரைங்க?"

மாப்பிள்ளையின் அப்பா சட்டென்று நிமிர்ந்தார். பல் தந்தியடித்தது. "கோழி போதுமுங்க. எங்க பக்கம் கோழிதானுங்க விசேசம்" என்றார். சேவலைப் பிடித்து வந்தார்கள். அது சொம்பைப் பார்த்ததுமே துலுக்கிவிட்டது. அத்தனை பேருக்கும் அரைத்த மசாலாவில் ஒரு சேவலைப் போட்டுக் குழம்பு வைத்தார்கள். அன்றைக்குத் தின்றவர்களுக்கெல்லாம் இரண்டு நாள் நாக்கு எரிந்தது. ஆனால் வெற்றிலை மாறிவிட்டது.

அம்மா மட்டும் கிடாவை விடவில்லை. "சாமிக்குன்னு காட்டுன கெடா. வர்ற மாசிக்கு மறுபடியும் தண்ணி ஊத்திக் கேப்போம்" என்றாள்.

கல்யாணத்துக்காக அப்பா ஒருவழியாகக் கூரையைப் புதுப் புல்லால் வேய்ந்தார். சித்திரையில் அக்கா தேவனூர் நாட்டுக்குப் போனாள். போகும்போது நான் அழவில்லை என்று அம்மா இன்னமும் சொல்லிக் காட்டுவாள். நான் ஆட்டுப் பக்கம் போய் அழுதேன், அவளுக்கு எப்படித் தெரியும்? அக்கா படுத்த இடம் வெறுமையாகக் கிடந்தது. அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கவே முடியவில்லை. கடைசியில் கிடாவைக் கொண்டுவந்து அங்கே கட்டினேன். நாற்றம் அடித்தது, பரவாயில்லை.

ஆடி வந்தது. புதுக்கூரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஒருநாள் வாசலில் தூறல் விழுந்து கிடாவின் காதில் ஒரு துளி பட்டது. அது தலையிலிருந்து வால் வரைக்கும் துலுக்கியது. எனக்கு உயிரே போய்விட்டது. காய்ந்த இடத்தில் படுத்துப் படுத்து எல்லாவற்றையும் மறந்துவிட்டது. மாசிக்கு இன்னும் ஏழு மாசம்தான் இருந்தது.

மறுநாள் அப்பாவும் அம்மாவும் காட்டுக்குப் போனதும் ஒரு மூங்கிலை எடுத்துக்கொண்டேன். அப்புறம் அப்பா ஒவ்வொரு மழைக்கும் கிடாவுக்கு நேர் மேலே அண்ணாந்து பார்த்து, "புதுப் புல்லு எப்படி ஒழுகும்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு தடவை அடைத்தார். நான் இரண்டு தடவை திறந்தேன்.

ஐப்பசியில் அக்கா ஊருக்கு வந்தாள். வந்த அன்றைக்கு மத்தியானம் நல்ல மழை. களைப்பாக இருக்கிறது என்று கிடாவைத் தள்ளிக் கட்டிவிட்டுத் தன் பழைய இடத்தில் பாயை விரித்துப் படுத்தாள். நானும் பக்கத்தில் படுத்தேன். எத்தனையோ நாளாக நான் சேர்த்து வைத்திருந்த ஒரு கேள்வியைக் கேட்டேன்.

"அக்கா, அன்னைக்கு உனக்கு நெசமாவே கால் வழுக்குச்சா?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஒரு சொட்டு நேராக அவள் நெற்றியில் விழுந்தது. அண்ணாந்து பார்த்தாள். புதுப் புல்லு, நடுவில் மூங்கில் கனத்துக்கு ஒரு வட்டம். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"இந்த ஓட்ட தானா உழுந்துச்சா?" என்றாள்.

நான் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு சொட்டு விழுந்தது. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாயைச் சுருட்டி என் பக்கம் ஒட்டிப் போட்டாள்.

"போயி ஆட்டப் புடிச்சுட்டு வா கண்ணு" என்றாள். "சும்மா ஒழுகி வீணாப் போவுது பாரு."